மண்குவளையும் தலைமையும்: பல்வாங்கர் பாலூவின் வாழ்க்கை



சேத்தியாத்தோப்பில் நடக்கும் ஒரு நினைவுச் சொற்பொழிவில் பம்பாய்க் கிரிக்கெட் வீரர் ஒருவரைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வருவது இன்று நமக்குப் புதிதல்ல. கால்பந்து வீரர் பிரசூன் பானர்ஜி 2013இல் ஹவுராவிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனார். பைசுங் பூட்டியா 2018இல் சிக்கிமில் தனிக்கட்சியே தொடங்கினார். இவர்களுக்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்பே ஆடுகளத்திலிருந்து தேர்தல் களத்துக்கு வந்தவர் பல்வாங்கர் பாலூ. 1937இல் பாபாசாகேப் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர் என்ற ஒரே வரியில் நம் இயக்கத்தார் அவரைக் கடந்துவிடுகிறார்கள். அந்த வரி உண்மைதான். ஆனால் அவருடைய வாழ்க்கையை முழுதாகப் படித்தால், நமக்கு இன்றும் தேவைப்படும் ஒரு பாடம் கிடைக்கிறது.

பாலூ 1870களின் நடுவில் தார்வாரில் ஒரு சமார் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ராணுவத்தில் வேலை பார்த்தார். பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் மைதானத்தைக் கூட்டி, உருளை இழுத்துச் சமன்படுத்தும் வேலை பாலூவுக்குக் கிடைத்தது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892இல் வெள்ளையர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவது, களத்தைத் தயார் செய்வது ஆகியவற்றோடு, ஆங்கிலேய ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசும் வேலையும் வந்து சேர்ந்தது. ஜே. ஜி. கிரெய்க் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கு அவர் ஓயாமல் பந்து வீசினார். இடக்கைச் சுழற்பந்து வீச்சை அப்படித்தான் கற்றார். ஆனால் மட்டையை ஒரு நாளும் அவர் கையில் கொடுக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு, மட்டை பிடிப்பது கௌரவம் என்று அங்கே கணக்கு.

அவருடைய திறமை ஊர் முழுக்கத் தெரிந்தபின் பூனாவின் இந்து அணிக்கு ஒரு சங்கடம் வந்தது. இவரைச் சேர்க்காமல் வெள்ளையரை வெல்ல முடியாது. சேர்த்தாலோ தீட்டு. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். களத்தில் எல்லோரும் அதே பந்தைத் தொடலாம். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலூவுக்கு வெளியே மண்குவளையில் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்குத் தனித் தட்டு, தனி இடம். தோழர்களே, இரட்டைக் குவளையை நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் வழக்கமாகவே நாம் அறிவோம். காட்டுமன்னார்கோயில் மண்ணின் மைந்தர் எல். இளையபெருமாள் தலைமையிலான குழு 1969இல் அளித்த அறிக்கை, இந்தியா முழுவதும் நிலவிய தீண்டாமையை அரசாங்கத்தின் முன் வைத்தது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே, நாகரிகத்தின் அடையாளமாகச் சொல்லப்பட்ட கிரிக்கெட் கூடாரத்தில் அதே குவளை இருந்தது.

பிறகு பம்பாய்க்குக் குடிபெயர்ந்து ரயில்வே வேலையில் இருந்தபடி பாலூ இந்து ஜிம்கானாவுக்கு ஆடினார். அக்காலப் பம்பாயில் பெரிய ஆட்டங்கள் இந்து, பார்சி, ஐரோப்பியர் என்று மத, இன அடிப்படையில் நடந்தன. பின்னர் முஸ்லிம் அணியும் சேர்ந்தது. 1906இல் இந்து அணி ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்றது. ஆண்டவனை ஆளப்பட்டவன் வென்றதாக நாடு கொண்டாடியது. அந்த அணியில் பாலூவும் அவருடைய தம்பி சிவராமும் ஆடினார்கள். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அகில இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலூ மட்டும் அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். திரும்பி வந்தவருக்குப் பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு அளித்தார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதியவர் அன்று கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குகா குறிப்பிடுகிறார். இளம் அம்பேத்கருக்குப் பாலூ ஒரு நாயகர்.

இவ்வளவுக்குப் பிறகும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவில்லை. பிராமணரான எம். டி. பை தலைவரானபோது, அந்தப் பெருமை பாலூவுக்கே போயிருக்க வேண்டும் என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். 1920இல் பாலூ அணியிலிருந்தே நீக்கப்பட்டார். தம்பிகள் விட்டலும் சிவராமும் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்து ஆட மறுத்து வெளியேறினார்கள். அந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் பாலூ துணைத் தலைவராகத் திரும்ப அழைக்கப்பட்டார். 1923இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார், அணி கோப்பையை வென்றது. அண்ணனின் விக்கெட்டுகள் திறக்காத கதவைத் தம்பிகளின் மறுப்பு அசைத்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய கதையல்ல. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணி கறுப்பின வீரர்களின் திறமையில் நின்றது. ஆனால் ஒரு முழுத் தொடருக்கும் கறுப்பினத்தவர் ஒருவர் தலைவராவதற்கு, 1960இல் ஃபிராங்க் வொரெல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவருக்கு முந்தைய தலைமுறையின் மாபெரும் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் அணித்தலைவர் ஆகவில்லை. பின்னாளில் அவர் டிரினிடாடில் அமைச்சரானார்.

இப்போது அரசியலுக்கு வருவோம். 1932இல் வகுப்புவாரித் தீர்ப்பு நமக்குத் தனி வாக்காளர் தொகுதியை அளித்தது. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை அது. காந்தி அதை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார். பாலூ கூட்டுத் தொகுதியின் பக்கம் நின்றார். நம் சென்னையின் எம். சி. ராஜாவும் அதே பக்கம்தான். 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோரோடு பாலூவின் கையெழுத்தும் இருக்கிறது. மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் கிடைத்தன. எண்ணிக்கை கூடியது. ஆனால் முதல் சுற்றில் நாம் நால்வரைத் தேர்ந்தெடுக்கலாம், அந்த நால்வரில் யார் என்பதை இறுதியில் எல்லோரும் சேர்ந்து, அதாவது பெரும்பான்மைச் சாதி இந்துக்கள், முடிவு செய்வார்கள்.

பாலூ ஏன் அந்தப் பக்கம் நின்றார்? அவரைத் துரோகி என்று சொல்லிவிடுவது எளிது. அவருடைய அனுபவத்திலிருந்து பார்ப்போம். மண்குவளையில் தொடங்கியவர் துணைத் தலைவராகும்வரை வந்தார். தம்பி தலைவரே ஆனார். திறமையைக் காட்டினால் இந்து சமூகம் மெதுவாகவேனும் மாறும் என்று நம்ப அவருக்குக் காரணம் இருந்தது. 1935இல் இயோலாவில் அம்பேத்கர் மதமாற்றத்தை அறிவித்தபோதும் பாலூ அதை ஏற்கவில்லை. அம்பேத்கர் அதே வாழ்க்கையிலிருந்து வேறு முடிவுக்கு வந்தார். ஒரு குடும்பத்தின் அசாதாரணத் திறமைக்குக் கிடைத்த விதிவிலக்கைத் திறமை காட்டவே வாய்ப்பில்லாத கோடிக்கணக்கானோருக்கு விதியாக்க முடியாது.

1937 தேர்தலில் காங்கிரஸ் அம்பேத்கருக்கு எதிராகப் பாலூவை நிறுத்தியது. பைக்குலா, பரேல் ஆலைத் தொழிலாளர் பகுதி அது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்றார், பாலூ 11,225. வித்தியாசம் 2,020 வாக்குகள்தான். கவனியுங்கள் தோழர்களே, பாலூவுக்கு அணித்தலைமையைத் தராத சமூகத்தின் கட்சி, அம்பேத்கரின் தலைமையைத் தடுக்க அதே பாலூவின் புகழைக் கொண்டுவந்து நிறுத்தியது. அவர் மீண்டும் பந்து வீச அழைக்கப்பட்டார், அவ்வளவுதான்.

எம். சி. ராஜாவின் பிற்கால அனுபவமும் இதையே சொல்கிறது. 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவுக்கு ராஜாஜியின் காங்கிரஸ் அரசே ஆதரவு தரவில்லை. அதன்பின் அவர் அம்பேத்கரின் பக்கம் நெருங்கி வந்தார். பாலூ 1955 ஜூலையில் மறைந்தார்.

நம் வெள்ளாற்றங்கரைக்குத் திரும்புவோம். 2020 அக்டோபரில் புவனகிரி அருகே தெற்குத்திட்டை ஊராட்சியில் பட்டியலினப் பெண் தலைவர், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தரையில் அமர வைக்கப்பட்ட படம் வெளியானது. காவல்துறை வழக்குப் பதிந்தது. இடஒதுக்கீடு அவருக்குப் பதவியைத் தந்திருந்தது. நாற்காலியைத் தராதவர்கள் அவருடைய தலைமையைத்தான் மறுத்தார்கள். பாலூவை அணியில் சேர்த்துக்கொண்டு வெளியே மண்குவளை கொடுத்த அதே ஏற்பாடு இது.

ஆகவே மாணவ நண்பர்களே, ஒரு கட்சியிலோ, சங்கத்திலோ, கல்லூரியிலோ நம்மவர் ஒருவருக்கு இடம் கிடைத்தால் மகிழ்வோம். கூடவே மூன்று கேள்விகள் கேட்போம். அவரைத் தேர்ந்தெடுத்தது யார்? முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருக்கிறதா? அவர் அவமதிக்கப்பட்டால், விட்டலையும் சிவராமையும் போலக் களத்தைவிட்டு வெளியேற அவரோடு எத்தனை பேர் இருக்கிறோம்?

பாலூவின் 114 விக்கெட்டுகளை நாம் பெருமையோடு சொல்வோம். அவர் தேர்ந்த அரசியலை மறுப்போம். இரண்டையும் ஒருசேரச் செய்யும் முதிர்ச்சி நம் வரலாற்று எழுத்துக்கு வேண்டும்.