புகைபோக்கியிலிருந்து ஓடைக்கு

ஒரு தீங்கைத் தடுக்க எழுந்த சட்டம் அதனை அடுத்த வாசலுக்கு அனுப்பிவைத்த கதை இது.

கண்ணாடிக்கும் சோப்புக்கும் சோடா வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அதனை லெப்ளாங்க் முறையில் செய்தனர். உப்பைக் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்குவது முதற்படி. அப்போது எழுந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயு புகைபோக்கி வழியே வெளியேறி, ஈரக்காற்றில் அமிலமாகிப் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. கோக் கரி நிரப்பிய கோபுரத்தில் மேலிருந்து நீரை வடியவிட்டு வாயுவைக் கரைக்கும் வழியை வில்லியம் காசேஜ் 1836-லேயே கண்டிருந்தார். ஆனால் கட்டாயம் இல்லாத இடத்தில் செலவு செய்வார் யார்?

1862-இல் பிரபுக்கள் சபை அமைத்த குழுவுக்கு டெர்பி பிரபு தலைமை வகித்தார். அவருடைய நோஸ்லி பண்ணை, ஆலைகள் மலிந்த செயின்ட் ஹெலன்ஸுக்கு அருகில் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. மறுஆண்டே ஆல்கலி சட்டம் பிறந்தது. அவ்வாயுவில் 95 விழுக்காட்டை நீரில் ஒடுக்கியாக வேண்டும் என்றது அது. கண்காணிக்க வந்தவர், 'அமில மழை' என்ற சொல்லை வழக்குக்குக் கொணர்ந்த வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித்.

வானம் சற்றே தெளிந்தது. ஒடுங்கிய அமிலமோ ஓடைகளுக்குப் போயிற்று. அங்கே, சோடா எடுத்தபின் எஞ்சிய கந்தகக் கழிவு மலைபோல் குவிந்து கிடந்தது. அமிலம் அதனைத் தொட்டதும் அழுகிய முட்டையின் நாற்றம் கிளம்பியது. காற்றிலிருந்து நீருக்குச் சென்ற நஞ்சு மீண்டும் காற்றுக்கே வந்தது! ஆற்று மாசுக்கென 1876-இல் வேறொரு சட்டம் வந்தது. ஒரே ஆலையைச் சட்டங்கள் தனித்தனியே பார்த்தன.

தீர்வின் விதை ஆலைக்குள்ளேயே இருந்தது. வெல்டன், டீக்கன் என்போர் 1860-களில் கண்ட முறைகளால் வீணான அமிலத்திலிருந்து குளோரின் பிரிந்து, வெளுப்புத்தூளாகி விலைபோயிற்று. கழிவை எங்கே கொட்டுவது என்ற கேள்வி, கழிவு ஏன் எழவேண்டும் என்று மாறினால்தான் விடை கிட்டும் என்பதற்கு இதுவே சான்று.

சட்டம் இதனை உணர நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. சுவீடன் 1969-லேயே ஒருங்கிணைந்த அனுமதி முறையைக் கொணர்ந்தது. பிரிட்டனின் அரச ஆணையம் 1976-இல் தன் ஐந்தாம் அறிக்கையில், காற்று, நீர், நிலம் மூன்றையும் ஒருசேர எண்ணி, மொத்தத்தில் மிகக் குறைந்த தீங்கு தரும் வழியைத் தேர்க என்றது. 1987-இல் அதற்கெனப் பொதுவான கண்காணிப்பு அமைப்பு அமைந்தது. 1990-இல் சட்டம் ஆனது. ஐரோப்பிய ஒன்றியம் 1996-இல் இம்முறையை உறுப்பு நாடுகளுக்கெல்லாம் விதித்தது. 2010-இல் மேலும் இறுக்கியது.

இதன்படி ஆலை பெறும் அனுமதி மூன்று வகை வெளியேற்றங்களையும் ஒருங்கே நோக்கும். கழிவைக் குறைத்தல், எரிசக்திச் சிக்கனம், விபத்துத் தடுப்பு, ஆலை மூடியபின் நிலத்தைச் சீர்செய்தல் ஆகியவையும் அதில் அடங்கும். கிடைக்கக்கூடிய சிறந்த தொழில்நுட்பமே அளவுகோல். முடிவுக்கு முன் ஊரார் தம் கருத்தைச் சொல்லவும் இடமுண்டு.

பண்ணை மரங்கள் கருகியபோது விரைந்து சட்டம் வந்தது. நாற்றத்தினூடே வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களோ நெடுங்காலம் காத்திருந்தன. எந்தச் சாளரத்தின் வழியே பார்க்கிறோமோ அந்த மாசுதான் நம் கண்ணில் படுகிறது; ஆலையை முழுதாகக் காண அதனைச் சுற்றி நடந்தாக வேண்டும்.