குதிரை ஏறிய பெயர்கள்

பெயர்ச்சொற்களை இடுகுறி, காரணம் என இருவகையாகப் பகுத்தனர் நம் இலக்கண நூலார். காரணம் பற்றி இட்ட பெயரும் நாளடைவில் காரணம் மறந்து வெறுங்குறியாய் நிற்பதுண்டு. கிரேக்க மொழியில் குதிரையைக் குறிக்கும் 'ஹிப்போஸ்' என்னும் ஒரு சொல்லின் வரலாற்றைப் பார்த்தாலே இவ்வுண்மை விளங்கும். அச்சொல் விலங்கின் பெயரிலும் புகுந்தது; மாந்தர் பெயரிலும் ஏறி அமர்ந்தது.

ஆங்கிலத்தார் 'ஹிப்போபொட்டமஸ்' என வழங்கும் விலங்கை நாம் நீர்யானை என்கிறோம். கிரேக்கர்க்கோ அது ஆற்றுக் குதிரை. 'பொட்டமோஸ்' என்றால் ஆறு. எகிப்து நாட்டைப் பற்றி விரிவாக எழுதிய ஹெரடோட்டஸ், கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே, இவ்விலங்கிற்குக் குதிரையின் பிடரிமயிரும் வாலும் குரலும் உண்டென வருணித்தார். உண்மையில் அதற்குப் பிடரிமயிரே கிடையாது. பெயர் கண்ணை மறைத்தது போலும்! முன் அறியாத ஒன்றைக் காணும் மனம் தான் அறிந்த ஒன்றைக் கொண்டே அதனை அளக்கிறது. யானையை அறிந்த நாட்டார் யானை என்றனர். குதிரையை அறிந்த நாட்டார் குதிரை என்றனர். நீண்ட கழுத்தும் புள்ளித் தோலும் உடைய மற்றொரு விலங்கிற்கு, ஒட்டகத்தையும் சிறுத்தையையும் இணைத்துக் 'கமெலோபார்டலிஸ்' எனப் பெயரிட்டனர் கிரேக்கர். நம் 'ஒட்டகச்சிவிங்கி'யைப் பிரித்துப் பார்ப்போர் அதிலும் அவ்விரண்டையே காண்பர்.

விலங்கின் பெயர் வியப்பிலிருந்து பிறக்கிறது; மனிதன் பெயரோ பெற்றோரின் ஆசையிலிருந்து பிறக்கிறது. 'பிலிப்பு' என்னும் பெயர் தாங்கிய தமிழ்க் கிறித்தவ அன்பர் பலரை நாம் அறிவோம். 'பிலிப்போஸ்' என்னும் கிரேக்கப் பெயரின் வழிவந்தது அது. 'குதிரைமேல் அன்புடையான்' என்பது பொருள். ஏசு பெருமானின் சீடர் ஒருவர்க்கு அமைந்தமையால் உலகெங்கும் பரவிய பெயர். அலுவலகப் பதிவேட்டில் அதனை எழுதுவோர்க்கும், அப்பெயர்க்கு உரியோர்க்கும், உள்ளே ஒரு குதிரை நிற்பது தோன்றுவதில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் தம் இளவரசர் பிலிப்பின் பெயரைக் கீழைக்கடல் தீவுகளுக்கு இட்டனர். பிலிப்பைன்ஸ் என்னும் அந்நாட்டின் பெயரிலும் அதே குதிரை ஒளிந்து நிற்கிறது.

குதிரைக்கு இத்துணைப் பெருமை ஏன்? ஏதென்ஸ் நகரைச் சூழ்ந்த மண் வளங்குன்றியது. அங்கே குதிரை வளர்த்தல் செல்வர்க்கே இயன்றது. கி.மு. 594இல் சட்டம் வகுத்த சோலோன், குடிமக்களை விளைச்சலின் அளவு பற்றி நான்கு வகுப்பாக்கினார். ஆண்டுக்கு 300 படியளவு விளைவுடையோர் இரண்டாம் வகுப்பினர். அவர்க்குப் பெயரே 'குதிரையாளர்'. (அந்தப் படி நம் படியன்று, ஏறத்தாழ 52 லிட்டர் கொள்வது.) ஆகவே பெயரில் ஒரு குதிரையைச் சேர்ப்பது குலப்பெருமையைப் பறைசாற்றுவதாயிற்று. பெரிக்ளீசின் தந்தை பெயர் சாந்திப்பஸ். பொன்னிறக் குதிரை என்பது அதன் பொருள். வறியவராய் வாழ்ந்த சாக்ரட்டீசின் மனைவி பெயரும் சாந்திப்பிதான். அப்பெயரைக் கொண்டே அவர் உயர்குடியிற் பிறந்தவராகலாம் எனக் கருதும் அறிஞரும் உளர்.

இந்தப் பெயர் மோகத்தை அரிஸ்டோபனீஸ் நன்றாக நகையாடியிருக்கிறார். கி.மு. 423இல் அரங்கேறிய 'மேகங்கள்' என்னும் நாடகத்தில் வரும் தந்தை நாட்டுப்புறத்தவர். மனைவியோ நகரத்துப் பெருங்குடி மகள். ஆண் குழந்தை பிறந்தது. பெயரில் குதிரை வேண்டும் என்றாள் தாய். தன் தந்தையின் பெயரான பைடோனிடீஸ் என்பதையே வைக்க வேண்டும் என்றார் அவர். அதன் அடிச்சொல்லுக்குச் சிக்கனம் என்று பொருள். பூசலுக்குப் பின் இருவரும் இணங்கி வைத்த பெயர் 'பைடிப்பிடீஸ்'. சிக்கனமும் குதிரையும் ஒரே பெயரில்! பிள்ளையோ பெயரின் முற்பாதியை விட்டுப் பிற்பாதியைப் பற்றிக்கொண்டான். பந்தயக் குதிரைகளுக்கு அவன் செய்த செலவில் தந்தை கடனாளியானார். இரவெல்லாம் உறக்கமின்றி வட்டிக் கணக்குப் பார்க்கும் அத்தந்தையோடுதான் நாடகமே தொடங்குகிறது. ஏதென்ஸ் மக்கள் சிரித்திருப்பர். மாதச் சம்பளத்தில் மைந்தரை வளர்க்கும் நம்மால் முழுதும் சிரிக்க முடிவதில்லை.

பெயருக்கேற்ப வாழ்ந்தோரும் உண்டு. மாசிதோனிய வேந்தன் பிலிப்பின் குதிரை கி.மு. 356இல் ஒலிம்பியாப் பந்தயத்தில் வென்றது. மைந்தன் அலெக்சாந்தர் பிறந்த செய்தியும் அதே வேளையில் அவனை எட்டியது எனப் புளூட்டார்க் கூறுகிறார். அம்மைந்தன் ஏறிய குதிரையின் பெயர் 'பூசெபலஸ்', எருதுத் தலையன். கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் போரசோடு நிகழ்ந்த போரின்பின் அது இறந்தது. அதன் நினைவாக அவ்வாற்றங்கரையில் ஒரு நகரமே எழுந்தது. நம் சங்கப் புலவரோ காரியின் குதிரையையும் காரி என்றே கூறுவர், ஓரியின் குதிரையையும் ஓரி என்றே கூறுவர். ஏறியவனுக்கும் ஏற்றிச் சென்றதற்கும் ஒரே பெயர்!

அலெக்சாந்தர் சென்ற பின்னரும் 'ஹிப்போஸ்' இந்நாட்டை விட்டகலவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டில் மேற்குப் பஞ்சாபை ஆண்ட யவன மன்னருள் ஒருவன் ஹிப்போஸ்திராட்டஸ். குதிரையும் படையும் இணைந்த பெயர் அது. அவன் வெளியிட்ட வெள்ளிக்காசுகளில் ஒருவகையின் முன்புறம் மன்னன் முகமும் கிரேக்க எழுத்தும் காணப்படும். பின்புறம் கரோஷ்டி எழுத்தில், பிராகிருத மொழியில், 'ஹிபுஸ்திரத' என அதே பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஒலி மட்டும் பெயர்ந்து வந்திருக்கிறது, பொருள் வரவில்லை. காசைக் கையில் வாங்கிய பஞ்சாபி வணிகனுக்கு அது வெறும் இடுகுறியே. ஆயினும் அக்கரோஷ்டி எழுத்துகளுக்கு நடுவே, பாயும் குதிரைமேல் மன்னன் அமர்ந்திருக்கிறான்.