அத்திரி என்னும் காவலன்

ஒருவரை இழித்துரைக்க வேண்டின் நம்மவர் வாயில் முதலில் வருவது கழுதையின் பெயர். வீட்டில் பிள்ளையைக் கடிவதற்கும் அதுவே. அலுவலகத்தில் ஓயாது உழைப்பவனை எள்ளுவதற்கும் அதுவே. ஆண் கழுதைக்கும் பெண் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஏசுவதற்குக்கூட அதனை நாம் நினைப்பதில்லை, அடியோடு மறந்துவிட்டோம்.

நம் முன்னோர் மறக்கவில்லை. அதற்கு ‘அத்திரி’ என்னும் அழகிய தனிப்பெயர் இட்டிருந்தனர். அகநானூற்றிலும் நற்றிணையிலும் நெய்தல் நிலத் தலைவன் அத்திரி பூண்டு தலைவியைக் காண வருகிறான். உப்பங்கழியைக் கடந்து வந்த அதன் குளம்பில் சிவந்த இறால்கள் சிக்கிக் கிடப்பதை ஒரு புலவர் காண்கிறார். கழியில் திரியும் சுறா தாக்கிய புண் அதன் காலில் இருப்பதை மற்றொரு புலவர் காண்கிறார். சிலப்பதிகாரத்தில் மாதவி வண்டியேறிக் கடலாடச் செல்ல, கோவலன் அத்திரி ஏறிச் செல்கிறான். பெருவணிகன் மகன் ஊரறிய ஊர்ந்து சென்ற விலங்கு அது. இழிவுக்குரியதாக யாரும் அதனைக் கருதியதாகத் தெரியவில்லை.

இவ்விலங்கைப் பற்றி நாம் எண்ணுவதற்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு. திருப்பதியிலிருந்து புத்தூர் வழியாகச் சென்னைக்கு வரும் சாலையில் அமைந்துள்ள வடமாலபேட்டையே அது. முன்பு சித்தூர் மாவட்டத்திலும், 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய சிற்றூர். பேருந்தில் செல்வோர் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுவர். ஆயினும், அது வேங்கடத்தின் அடிவாரத்து வழி என்பதை நினைத்தால் உள்ளம் சிலிர்க்கும். தமிழகத்தின் வட எல்லையாக வேங்கடத்தையே தொல்காப்பியப் பாயிரம் குறிக்கிறது. பொருள் தேடிப் புறப்பட்ட சங்க காலத் தலைவர்கள் இம்மலையைக் கடந்தே மொழி மாறும் நாட்டிற்குச் சென்றனர். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களுக்கு அவர்களே முன்னோடிகள் எனலாம்.

அக்காலத்து வழிப்பயணம் எளிதன்று. காட்டு விலங்கும் ஆறலைக் கள்வரும் நிறைந்த பாதைகள் அவை. காஞ்சியில் இருந்து தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்துகளையும், அவை செல்லும் பெருவழியில் சுங்கம் கொண்டு வில்லேந்திக் காவல் புரிந்தோரையும் நம் கண்முன் நிறுத்துகிறது. வணிகனின் செல்வம் அனைத்தும் விலங்கின் முதுகில் இருந்தது. சுமக்கும் உயிர் மிரண்டு ஓடினால் முதல் போயிற்று. நிலை குலையாது நின்றால் முதலும் உயிரும் தப்பின. மனிதன் விலங்கைக் காத்தான். விலங்கும் மனிதனைக் காத்தது.

காத்த உயிருக்கு நன்றி பாராட்டுவதில் நம் முன்னோர் குறை வைக்கவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல் ஒன்று உள்ளது. தன் எருமைகளின் பொருட்டுப் பொருது இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் உருவத்தின் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டின் அரசு அலுவலர் எத்தனை பேருடைய பெயரை இன்று நாம் அறிவோம்? எருமை காத்த நாயின் பெயரை அறிவோம்!

இன்னொரு சான்றும் கூறலாம். அரக்கோணத்திற்கு அண்மையிலுள்ள தக்கோலத்தில் 949-இல் நிகழ்ந்த பெரும்போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். வென்ற அணியில் இருந்த கங்க மன்னன் பூதுகனிடம் அவன் வீரன் மணலேரன் பரிசிலாகக் கேட்டது பொன்னன்று. காளி என்னும் வேட்டை நாய். பின்னர் அந்நாய் காட்டுப் பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. கருநாடகத்து ஆதகூரில் அந்நாய்க்குக் கல் நட்டு வழிபாட்டுக்கு நிலமும் விட்டனர்.

நாய்க்குக் கல் எடுத்த நாட்டில், அத்திரிக்கு அத்தகைய சிறப்பு ஏன் வாய்க்கவில்லை? அதன் காவல் திறத்தை நாம் பிடிவாதம் என்று பிழையாகப் படித்துவிட்டதே காரணம் என்பது நம் கருத்து.

குதிரை அச்சம் கொண்டால் ஓடும். கழுதை அச்சம் கொண்டால் நின்று, நோக்கி, எண்ணும். அத்திரி தாயிடமிருந்து உடல் வலிமையையும், தந்தையிடமிருந்து இந்த எச்சரிக்கையையும் பெறுகிறது. மலைச்சரிவில் பாதை இளகியிருந்தால், எத்துணை அடித்தாலும் அடி எடுத்து வைக்க மறுக்கும். ஓட்டுபவன் அதனை முரடு என்பான்; அவன் உயிரும் சேர்ந்தே தப்பியிருக்கும். அதன் அறிவுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகிய மூன்றையும் கொண்டு பிரிட்டனில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், உருவங்களை வேறுபடுத்திக் கற்றுக்கொள்வதில் கோவேறு கழுதையே பெற்றோர் இருவரையும் விஞ்சி நின்றது.

கழுதை இனத்துக்கு நாய், நரி, ஓநாய் வகை விலங்குகள்மீது இயல்பான பகை உண்டு. அமெரிக்க நாட்டு ஆட்டுப் பண்ணையாளர்கள் இதனை நன்கு பயன்படுத்துகின்றனர். மந்தையோடு ஒரு கழுதையையோ கோவேறு கழுதையையோ பழக விடுவர். கொயோட்டி என்னும் சிற்றோநாய் நெருங்கினால் அது ஓடி ஒளியாது, காதை விடைத்து, உரக்கக் கத்தி, எதிர்த்துச் சென்று கடிக்கும், காலால் மிதிக்கும். ஒன்றை மட்டுமே விடவேண்டும் என்பது அவர்கள் பட்டறிவு. இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று துணையாகி ஆடுகளை மறந்துவிடும். எல்லா அத்திரியும் காவலுக்கு உதவாது. சில ஆட்டுக்குட்டியையே துன்புறுத்தும். சிறுத்தை போன்ற பெருவிலங்கின் முன்னும், கூட்டமாக வரும் ஓநாய்களின் முன்னும் அதன் வீரம் செல்லாது. குணம் அறிந்து, மந்தையோடு பழக்கி வளர்த்தால் மட்டுமே அது காவலன்.

மனிதரைக் காத்த வரலாறோ போர்க்களங்களில் உள்ளது. 1915-இல் கலிப்பொலியில் குண்டுமழைக்கு இடையே நீரும் உணவும் சுமந்தவை இந்தியப் படையின் கோவேறு கழுதைகள். 1939-இல் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட நம் கோவேறு கழுதைப் படையினர், 1940-இல் டன்கர்க் வழியே மீண்டபோது வீரர்கள் கப்பலேறினர்; விலங்குகள் அங்கேயே விடப்பட்டன. 1971 போரில் பகைவர் கையில் சிக்கிய ‘பெடோங்கி’ என்னும் கோவேறு கழுதை, முதுகில் ஏற்றிய துப்பாக்கியோடும் தோட்டாக்களோடும் தப்பித் தன் படையிடமே திரும்பியது. வழி காட்டியவர் யாருமில்லை. 1992-இல் அதற்கு நீல வெல்வெட்டுப் போர்வை அணிவித்துப் படையினர் பெருமை செய்தனர். 1998-இல் அது மறைந்தது.

பெருமைக்கு அருகிலேயே ஒரு கொடுமையும் நிற்கிறது. 1942-இல் நம் தமிழ்க் குடும்பங்கள் பல கால்நடையாக வெளியேறிய அதே பர்மாவின் காடுகளுக்குள், 1944-இல் விங்கேட்டின் சிண்டிட் படையினர் கோவேறு கழுதைகளோடு புகுந்தனர். அவை கத்தினால் பகைவர் அறிந்துகொள்வர் என்று, அவற்றின் குரல் நாண்களை அறுத்து ஊமையாக்கினர். எந்தக் குரல் மந்தையைக் காக்கிறதோ அந்தக் குரலையே மனிதன் பறித்தான். அப்போதும் அவை சுமையை இறக்கிவிடவில்லை.

இன்று நம் நாட்டில் சட்டம் உண்டு. 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி கோவேறு கழுதைக்கு 200 கிலோவும், கழுதைக்கு 50 கிலோவும் மேல் ஏற்றலாகாது. ஒரு நாளில் 9 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. கோப்புகளோடு பழகிய யாம் நன்கறிவோம்: விதி எழுதப்படுவது ஒன்று, சரிவான மலைப்பாதையில் அதனை நினைப்பது மற்றொன்று. புனிதத் தலங்களுக்கு மலையேறும்போது, ஏறி அமர்வதற்கு முன் அவ்விலங்கின் முதுகுப் புண்ணை ஒருமுறை நோக்குவது நம்மால் இயலாததன்று.

குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, கோவேறு கழுதைக்கு 63. இந்த ஒற்றைப்படையினால் அது பெரும்பாலும் குட்டி ஈனுவதில்லை. தன் வீரத்தைத் தன் வழித்தோன்றலிடம் ஒப்படைக்க அதற்கு வழியில்லை. அந்தக் கடமை நம்முடையது. கோவிவனுக்கு ஒரு தச்சன் உளி எடுத்தான். அத்திரிக்கு நாம் கல் நட வேண்டியதில்லை. பிறமொழி நாட்டில் தமிழ் கற்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழம்பெயரைச் சொல்லிக் கொடுத்து, ‘கழுதை’ என்று ஏச வாயெடுக்கும்போது ஒரு கணம் நிறுத்தினால் போதும்.