காசு அரசுடையது, கேள்வி யாருடையது?

பல்கலைக்கழக ஆய்வுக்கு அரசு பணம் தர வேண்டும் என்பதில் இன்று பெரும்பாலோருக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தப் பணத்தை எந்த ஆய்வுக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது யார்? அரசியல் தலைவரா, அதிகாரியா, அறிவியலாளரா? இதற்கு விடை காண அமெரிக்க நாடாளுமன்றத்திற்கு ஐந்து ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அடிப்படை ஆய்வுக்கு ராக்பெல்லர், கார்னகி போன்ற அறக்கட்டளைகளே பெரிதும் கைகொடுத்தன. போர் அந்த நிலையை மாற்றியது. ரேடார், பெனிசிலின் என்று பல துறைகளில் அரசுப் பணம் பல்கலைக்கழகங்களுக்குப் பாய்ந்தது. அந்தப் பணிகளை ஒருங்கிணைத்தவர் வன்னெவர் புஷ் என்னும் பொறியாளர். அமைதிக் காலத்தில் அறிவியலை எப்படி வளர்ப்பது என்று 1944 நவம்பரில் அதிபர் ரூஸ்வெல்ட் அவரிடம் கேட்டார். 1945 ஜூலையில் பதில் வந்தபோது ரூஸ்வெல்ட் உயிரோடு இல்லை. அறிக்கையைப் பெற்றுக்கொண்டவர் புதிய அதிபர் ட்ரூமன்.

புஷ் கேட்டது ஒரு தனி அமைப்பு. பணம் அரசு தர வேண்டும். எந்த ஆய்வு தகுதியானது என்பதை அறிவியலாளர்களே தீர்மானிக்க வேண்டும். முதல் ஆண்டுக்கு 3 கோடியே 35 லட்சம் டாலர் தேவை என்றும் கணக்குக் காட்டினார்.

இதற்கு மாற்றுக் கருத்துக் கொண்டிருந்தவர் மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஹார்லி கில்கோர். போர்க்காலப் பணம் பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கும் பெரிய நிறுவனங்கள் சிலவற்றுக்குமே போய்ச் சேர்ந்ததை அவர் கண்டிருந்தார். எல்லா மாநிலங்களுக்கும் பங்கு வேண்டும், மக்கள் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்பின் காப்புரிமை மக்களுக்கே சேர வேண்டும், அமைப்பின் தலைவர் அதிபருக்குக் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்று நம் பெரியவர்கள் கேட்பார்களே, அந்தக் கவலைதான் இது.

1947ல் நாடாளுமன்றம் புஷ்ஷின் பக்கம் சாய்ந்து ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அதன்படி இயக்குநரை நியமிக்கும் அதிகாரம் அதிபரிடம் இல்லை. பகுதி நேரமாகப் பணியாற்றும் அறிவியலாளர் குழுவிடம் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி ட்ரூமன் அதற்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டார். மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத தனி மனிதர்களிடம் மக்கள் பணத்தை ஒப்படைக்க முடியாது என்பதே அவர் சொன்ன காரணத்தின் சாரம். அறிவியலுக்கு அவர் எதிரி அல்லர். சுதந்திரம் வேண்டும், ஆனால் பொறுப்பும் வேண்டும் என்றார்.

மூன்று ஆண்டுகள் கழித்து இரு தரப்பும் இறங்கி வந்தன. இயக்குநரை அதிபர் செனட்டின் ஒப்புதலோடு ஆறு ஆண்டுகளுக்கு நியமிப்பார். கொள்கையை வகுக்க 24 உறுப்பினர் கொண்ட தேசிய அறிவியல் வாரியம் இருக்கும். 1950 மே 10ஆம் தேதி, ரயிலில் நாட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்த ட்ரூமன், ஐடஹோ மாநிலத்தின் பொக்கடெல்லோ நகரில் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். தேசிய அறிவியல் அறக்கட்டளை பிறந்தது.

ஆனால் காலதாமதத்திற்கு விலை இருந்தது. இடைப்பட்ட காலத்தில் கடற்படையின் ஆய்வு அலுவலகமும் அணுசக்தி ஆணையமும் உருவாகிவிட்டன. மருத்துவ ஆய்வு தேசிய சுகாதாரக் கழகங்களிடம் போய்விட்டது. புதிய அறக்கட்டளைக்கு முதலில் கிடைத்தது வெறும் 2 லட்சத்து 25 ஆயிரம் டாலர். 1957ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவி அமெரிக்காவை அதிர வைத்த பிறகு அறக்கட்டளையின் நிதி மேலும் பெருமளவு உயர்ந்தது.

அறிவியலாளரின் விண்ணப்பத்தை அதே துறையின் மற்ற அறிவியலாளர்கள் எடைபோடும் முறை என்ன தந்தது? 1966ல் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் கிருமியைத் தாமஸ் பிராக் ஆராய்ந்தார். எதற்குப் பயன்படும் என்று கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. பின்னாளில் மரபணுவைப் பல்கிப் பெருக்கும் பிசிஆர் சோதனைக்கு அந்தக் கிருமியின் நொதியே கைகொடுத்தது. கொவிட் காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியைச் சோதித்ததும் அந்த முறையில்தான்.

கேலி செய்தவர்களும் உண்டு. காதல் எப்படிப் பிறக்கிறது என்ற ஆய்வுக்கு அறக்கட்டளை 84,000 டாலர் கொடுத்ததற்காக, 1975ல் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் வீண் செலவு விருது ஒன்றையே அறிவித்தார்.

இந்த வரலாற்றில் தமிழர்க்கும் இடம் உண்டு. சென்னை ஐஐடியில் படித்த சுப்ரா சுரேஷ் 2010 முதல் 2013 வரை அறக்கட்டளையின் இயக்குநராக இருந்தார். பின்னர் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்குத் தலைவராக வந்தார். சென்னையில் பிறந்த சேதுராமன் பஞ்சநாதன் 2020ல் அதே பதவியை ஏற்றார். 2025ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வு மானியங்கள் பாதியில் நிறுத்தப்பட்டன. ஏறக்குறைய 900 கோடி டாலராக இருந்த நிதியைப் பாதிக்கும் கீழாகக் குறைக்க அதிபர் மாளிகை முன்மொழிந்தது. அந்த ஏப்ரலில், ஆறாண்டுக் காலம் முடியுமுன்பே பஞ்சநாதன் பதவி விலகினார்.

ட்ரூமன் கேட்ட பொறுப்பும் நியாயமே, புஷ் கேட்ட சுதந்திரமும் நியாயமே. சட்டம் ஒரு வேலி. ஆனால் வேலி போட்டால் மட்டும் பயிர் விளையாது. தண்ணீர் ஆண்டுதோறும் பாய வேண்டும். அந்த மதகின் திறவுகோல் அன்றும் அரசியல்வாதியிடம்தான் இருந்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே சட்டம் எழுதியதோடு வேலை முடிந்தது என்று எந்த நாடும் இருந்துவிட முடியாது. பயன் தெரியாத கேள்விக்கும் பணம் தரலாம் என்று வரி கட்டும் மக்கள் நம்பும்வரைதான் அந்த வேலி நிற்கும்.