மெட்டல் டிடெக்டரும் மண்ணும்

மெட்டல் டிடெக்டரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள திருகுகளும் பொத்தான்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தவை அல்ல. எல்லா உலோகத்தையும் காட்டும் முறை, இரும்பை ஒதுக்கும் முறை, மண்ணுக்குச் சமன் செய்யும் அமைப்பு, கடற்கரை முறை, புதைந்த இடத்தைத் துல்லியமாகக் காட்டும் முறை ஆகியவை சுமார் நூறு ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவற்றுள் பல, ஏதோ ஒரு நிலத்தில் கருவி தோற்ற பிறகு கண்டுபிடிக்கப்பட்டவை. விருதுநகருக்குத் தெற்கே, சூலக்கரையைச் சுற்றியுள்ள கரிசல் நிலத்தை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைப் பார்த்தால், எந்த அமைப்பு எதற்காக வந்தது என்பது எளிதில் விளங்கும்.

கருவியின் அடிப்படை எளிமையானது. கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழுகிறது. அந்தப் புலத்துக்குள் வரும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் தோன்றுகிறது. அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறு புலத்தை இன்னொரு சுருள் உணர்ந்து ஒலியாக்குகிறது. டேவிட் ஹியூஸ் 1879-இல் காட்டிய தூண்டல் தராசு இந்தத் தத்துவத்தில் அமைந்தது. 1881 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் இருந்த குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியுடன் வந்தார். சோதனைகளில் நன்றாக வேலை செய்த கருவி, அதிபரின் உடல்மீது குழப்பமான ஒலியையே தந்தது. படுக்கையில் இருந்த எஃகு ஸ்பிரிங்குகள் ஒரு காரணமாகச் சொல்லப்படுகின்றன. உடலின் வலப்பக்கத்தில் மட்டும் தேடவே மருத்துவர் இடம் கொடுத்தார், குண்டோ இடப்பக்கத்தில் இருந்தது. செப்டம்பர் 19-இல் கார்ஃபீல்டு இறந்தார். தேவையற்ற உலோகம் தேவையான உலோகத்தை மறைத்துவிடும் என்ற பாடம் கருவியின் முதல் பெரிய சோதனையிலேயே கிடைத்துவிட்டது.

ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற கெர்ஹார்டு ஃபிஷர் வானூர்திகளுக்கு ரேடியோ அலை வழியே திசை காட்டும் கருவிகளை உருவாக்கி வந்தார். கனிமம் செறிந்த பாறைப் பகுதிகளில் அக்கருவிகள் திசை தவறின. அந்தப் பிழையையே பயன்படுத்தி உலோகத்தைத் தேடலாம் என்று அவர் கண்டு, 1937-இல் காப்புரிமை பெற்றார். தொழில்முறையில் விற்பனைக்கு வந்த டிடெக்டர்களின் தொடக்கம் இதுதான்.

அடுத்த பெரிய மாற்றத்தைப் போர் கொண்டுவந்தது. போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி ஸ்காட்லாந்தில் இருந்தபோது, ஒரு வீரர் தனியாகக் கையில் ஏந்திச் செல்லக்கூடிய கண்ணிவெடி டிடெக்டரை உருவாக்கினார். அதன் எடை 14 கிலோவுக்கும் குறைவு. 1942-இல் எகிப்தின் எல் அலமெய்ன் போரில் சுமார் 500 கருவிகள் பயன்பட்டன. ஒரு மணி நேரத்தில் கண்ணிவெடி அகற்றப்படும் நிலம் 100 சதுர மீட்டரிலிருந்து 200 சதுர மீட்டராயிற்று. கண்டுபிடிப்புக்கு அவர் காசு வாங்கவில்லை. அந்தக் கருவியில் வகை பிரிக்கும் வசதி எதுவும் கிடையாது. உலோகம் என்றால் ஒலிக்கும், அவ்வளவுதான். அன்றைய கண்ணிவெடிகள் பெரும்பாலும் இரும்புக் கூடு கொண்டவை என்பதால் அது போதுமாக இருந்தது.

போர் முடிந்தபின் இந்தத் தொழில்நுட்பம் பொதுமக்கள் கைக்கு வந்தது. காசும் நகையும் தேடியவர்களுக்கு ஆணியும் தகர மூடியும் பெருந்தொல்லையாயின. 1970-களில் உலோகத்தின் மறுமொழி எவ்வளவு தாமதித்து வருகிறது என்பதை அளந்து வகை பிரிக்கும் கருவிகள் பரவின. இரும்புக்கு ஒரு வகைத் தாமதம், வெள்ளிக்கு வேறொன்று. இதுவே பிரித்தறியும் முறை எனப்படும் டிஸ்கிரிமினேஷன். இந்த முறை பெரும்பாலும் சுருள் அசைந்துகொண்டிருந்தால்தான் வேலை செய்யும். ஆகவே, ஒலி கேட்ட இடத்தில் சுருளை நிறுத்திப் புள்ளியைத் துல்லியமாகக் குறிக்க, அசைவு தேவைப்படாத பின்பாயின்ட் முறை தனியாகச் சேர்க்கப்பட்டது.

பிரித்தறிதலுக்கு ஒரு விலை உண்டு. மெல்லிய தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் ஏறத்தாழ ஒரே அளவில் மறுமொழி தரும். தாளை ஒதுக்கும்படி திருகை வைத்தால் மோதிரமும் போய்விடும். பட்டாசுத் தொழில் நடக்கும் விருதுநகர்ப் பகுதியில் இது கண்கூடு. தீபாவளிக்குத் தீபாவளி எரிந்து விழும் கம்பி மத்தாப்புக் கம்பிகள் தெருவோரத்திலும் காட்டிலும் ஆண்டுக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடக்கின்றன. சூலக்கரைத் தொழிற்பேட்டை போன்ற இடங்களின் அருகில் இரும்புத்தூளும் கழிவும் சேரும். எல்லா உலோக முறையில் வைத்தால் கருவி ஓயாமல் கத்தும்; இரும்பை ஒதுக்கினால் கம்பிக்குப் பக்கத்தில் கிடக்கும் சிறு காசு கேட்காமல் போகும். உணர்திறனை உச்சத்தில் வைப்பது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. மின்கம்பிகளுக்கு அருகில் அதைக் குறைத்தால்தான் பொய் ஒலி அடங்கும்.

உலோகக் குப்பையைவிடக் கடினமான சிக்கல் மண்ணே. இரும்புத் தாதுக்கள் கலந்த மண் தானே ஒரு மறுமொழி தருகிறது. சுருளை நிலத்துக்குமேல் ஏற்றி இறக்கி, அந்த மறுமொழி கேட்காதபடி சரிசெய்வதே மண்சமன் எனப்படும் கிரவுண்ட் பேலன்ஸ். ஓரிடத்தில் ஒருமுறை சமன் செய்தால் போதாது. மண் மாறும்போதெல்லாம் மீண்டும் செய்ய வேண்டும். கரிசல் மண் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மழையில் ஊறிப் பருத்து, கோடையில் பிளந்து, வெடிப்புகள் ஆழமாக விடும் மண் அது. மேலே விழுந்த பொருள் வெடிப்பு வழியே கீழே இறங்கிவிடும். ஈரத்தில் மின்கடத்தும் தன்மையும் மாறுகிறது. ஐப்பசியில் வைத்த அமைப்பு சித்திரையில் பொருந்தாது.

கடற்கரையில் நிலைமை இன்னும் கடினம். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் மணலில் இல்மனைட் போன்ற கனிமங்கள் செறிந்துள்ளன, உப்புநீரும் சேர்கிறது. இத்தகைய இடங்களுக்கே கடற்கரை முறையும், பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவிகளும் வந்தன. மின்னோட்டத்தைத் துடிப்பாக விட்டு நிறுத்தி, புலம் தேய்வதை அளக்கும் துடிப்புத் தூண்டல் முறை மண்ணின் தொல்லையை நன்றாகத் தாங்கும். ஆஸ்திரேலியாவின் இரும்புக்கல் நிறைந்த தங்க வயல்களில் இந்த முறை மிகவும் மெருகேறியது. 1985-இல் தொடங்கிய மைன்லேப் நிறுவனம் அங்கிருந்து வளர்ந்து, பின்னர் கண்ணிவெடி டிடெக்டர்களையும் தயாரித்தது.

இத்தனை அமைப்புகளும் உயிர்ப் பொறுப்போடு சோதிக்கப்பட்ட நிலம் தமிழருக்கு மிக அருகிலேயே இருக்கிறது. இலங்கையின் வடக்கில், யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும், உள்நாட்டுப் போரில் இலங்கைப் படையும் விடுதலைப் புலிகளும் மிதிவெடிகளைப் புதைத்தனர். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு அகற்றும் பணி பெருமளவில் தொடங்கியது. பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 போன்ற வெடிகளில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் சின்னஞ்சிறு உலோகமே உண்டு. ஜொனி 95 என்ற மிதிவெடி மரப்பெட்டியில் செய்யப்பட்டது. எல் அலமெய்னில் போதுமாக இருந்த கருவி இங்கே பயனற்றுப் போகும். உணர்திறனை உயர்த்தினால் இரும்பு ஆக்சைடு நிறைந்த சிவந்த மண் குறுக்கிடும். மண்ணுக்குச் சமன் செய்தபின் கருவி தோட்டாக் கோதுகளையும் சிதறல் துண்டுகளையும் காட்டும். இரும்பை ஒதுக்கும் முறையைப் பற்றி இங்கே பேச்சே இல்லை. வெடியின் ஊசியும் இரும்பாக இருக்கலாம் என்பதால் ஒவ்வொரு ஒலியும் வெடி என்றே கொள்ளப்பட்டு, மண் விரல் விரலாக அகற்றப்படுகிறது. காலையில் வேலை தொடங்குமுன், வெடியிலுள்ள உலோகத்துக்கு இணையான மாதிரித் துண்டை உரிய ஆழத்தில் வைத்துக் கருவியைச் சோதிப்பது கட்டாயம்.

முகமாலை போன்ற போர்முனைகளில் உலோகச் சிதறல் அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால், பல இடங்களில் டிடெக்டரை ஒதுக்கிவிட்டு, நீண்ட பற்கள் கொண்ட வாரியால் மண்ணை அடுக்கடுக்காக வாரித் தேடும் முறை கையாளப்பட்டது. எந்தத் திருகும் தீர்க்காத சிக்கலை மனிதக் கை தீர்த்தது. அந்தக் கைகளில் பல, போரில் குடும்பத் தலைவரை இழந்த பெண்களுடையவை. இவர்களின் பணி எந்தக் கருவியின் புகழுக்கும் மேலானது. 2017 டிசம்பரில் இலங்கை, மனிதர்களுக்கு எதிரான கண்ணிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது.

புதையல் தேடுபவர் விரும்பும் முறைக்கும் தொல்லியலாளர் விரும்பும் முறைக்கும் இடையே பெரும் தூரம் உண்டு. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. அப்போது கையில் ஏந்தும் டிடெக்டர் கிடையாது. சிவகாசிக்கு அருகில், வைப்பாற்றங்கரையில் உள்ள வெம்பக்கோட்டை மேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-இல் அகழாய்வைத் தொடங்கியது. அங்கே கிடைத்த சங்கு வளையல்களையும் கண்ணாடி மணிகளையும் சுடுமண் உருவங்களையும் எந்த டிடெக்டரும் எந்த முறையிலும் காட்டியிருக்காது. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் ஒரு பொருள் கிடந்தது என்பதே அதன் காலத்தைச் சொல்கிறது. ஒலி கேட்ட இடத்தில் தோண்டி எடுத்த காசு அந்தச் சான்றை இழந்துவிடுகிறது. ஆகவே கரிசல் காட்டில் கருவியோடு இறங்க விரும்புபவர் முதலில் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதைபொருள் எது கிடைத்தாலும், அதன் தன்மை, மதிப்பு, கிடைத்த இடம் ஆகியவற்றை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.