பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம்

பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம், சிறு விவசாயிகளுக்கும் ஊரகத் தொழில்களுக்கும் உதவும் திட்டங்களுக்குக் கடனும் மானியமும் வழங்கும் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு நிறுவனம். 1970களின் தொடக்கத்தில் பல நாடுகளில் ஏற்பட்ட பஞ்சத்தை ஒட்டி 1974இல் ரோமில் உலக உணவு மாநாடு கூடியது. அதன் தீர்மானப்படி 1977இல் நிதியம் நிறுவப்பட்டது. தலைமையகம் ரோமில் உள்ளது. வளர்ந்த நாடுகளுடன் எண்ணெய் ஏற்றுமதி நாடுகளும் தொடக்க முதலீட்டை அளித்தன.

செயல்முறை: நிதியம் உழவர்களுக்கு நேரடியாகக் கடன் தருவதில்லை. பெரும்பாலும் அரசுகளுக்குத் தருகிறது, அவை பாசனம், சிறுகடன், சந்தைச் சாலை, கால்நடை, பயிற்சி ஆகியவற்றுக்கான திட்டங்களை நடத்துகின்றன. உறுப்பு நாடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிதியத்துக்குப் பணம் அளிக்கின்றன. மிக ஏழை நாடுகளுக்குச் சலுகைக் கடன் உண்டு. கடன்சுமை மிகுந்தவற்றுக்கு மானியமும் கிடைக்கும். ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கியும் 1980களில் நிதியத்தின் உதவியைப் பெற்றது.

தமிழ்நாட்டில்: நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. குழுவினர் முதலில் தங்களுக்குள் சேமித்து, சிறு கடன் கொடுத்து வாங்கினர். பின்னர் வங்கிக் கடன் பெற்று ஆடு, கறவைமாடு வளர்ப்பு, சிறுதொழில் ஆகியவற்றில் இறங்கினர். பிற மாவட்டங்களுக்கும் பரவிய இம்முறையே பின்னாளில் மாநில அரசின் மகளிர் திட்டத்துக்கு அடித்தளமாயிற்று.