அரிசி வராத ஆண்டுகள்



"ஜப்பான்காரன் காலம்" என்ற சொல்லைக் கேளாத தோட்டக் குடும்பம் இராது. தட்டில் சோற்றை மிச்சம் வைக்கும் பிள்ளையைப் பார்த்து, "அந்தக் காலத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்றுதான் உயிர் பிழைத்தோம்" என்று சொன்ன பாட்டிமார்கள் எத்தனையோ பேர். ஆனால் பேச்சு பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். அரிசி ஏன் வராமல் போயிற்று? கிழங்கு ஒரே நாளில் கிடைத்துவிட்டதா? வயிறு நிறையக் கிழங்கு தின்றவர்களும் நோயுற்று மாண்டது எதனால்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், அன்றைய வரலாறும் விளங்கும். இன்று நாம் செய்ய வேண்டியதும் விளங்கும்.

முதலில் அரிசியின் கதையைப் பார்ப்போம். ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில், மலாயா தான் உண்ட அரிசியில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே தருவித்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கப்பலில் வந்தது. கெடா, கிரியான் போன்ற இடங்களில் நெல் விளைந்தாலும் அது நாடு முழுமைக்கும் போதவில்லை. தோட்டத்துப் பாட்டாளியோ பால் வெட்டிக் கூலி வாங்கி, அந்தக் கூலியில் அரிசி வாங்கினான். உழவர் குடியில் பிறந்தவர்கள் பலர் ஒரு பிடி நெல்லும் விதைக்காமலே வாழ்ந்தார்கள். கப்பல் வரும் வரையில் இந்த ஏற்பாட்டில் குறை தெரியவில்லை.

கப்பல் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன்னெச்சரிக்கை ஒன்றும் கிடைத்திருந்தது. 1918-இல் இந்தியாவில் பருவமழை பொய்த்தது. பர்மா அரிசியின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. 1919-இல் சயாமும் தன் ஏற்றுமதியை நிறுத்தியது. மலாயாவில் அரிசி விலை ஏறியது; தட்டுப்பாடு தோன்றியது. தோட்டங்களிலும் உணவுப் பயிர் போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. ஆனால் கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. பஞ்சம் கற்பித்த பாடத்தை நிறைந்த வயிறு மறந்துவிடும் போலும்!

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தாபாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன ரப்பருக்கு வாங்குவார் இல்லை. துரைமார்கள் போய்விட்டார்கள், பல தோட்டங்களில் பால்வெட்டு நின்றது, கூலியும் நின்றது. அரிசிக் கப்பலும் குறைந்தது. பங்கீட்டு அரிசி ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 1943-இல் ஜப்பானியர், நெல் விளையும் கெடாவையும், பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களையும் சயாமின் ஆட்சியில் விட்டார்கள். மற்ற மாநிலங்களுக்கு அந்த அரிசி வருவதும் கடினமாயிற்று.

கையில் பணம் இருந்தாலாவது பிழைக்கலாமா என்றால் அதுவும் இல்லை. வாழைமரப் படம் போட்ட ஜப்பானிய நோட்டுகள் அச்சடிக்க அச்சடிக்க மதிப்பு இழந்தன. 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் அவை வெறும் காகிதம் ஆயின. நோட்டைச் சேர்த்து வைத்தவர் ஏமாந்தார். வீட்டோரம் கிழங்கு நட்டு வைத்தவர் உண்டார்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். மரவள்ளிக்குப் பெரிய பக்குவம் வேண்டியதில்லை. தண்டைச் சாண் அளவு வெட்டி மண்ணில் ஊன்றினால் துளிர்க்கும். மெலிந்த மண்ணிலும் வளரும். ஆனால் நன்கு கிழங்கு வைக்க எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். சர்க்கரைவள்ளிக்கு மூன்று, நான்கு மாதம் வேண்டும். பூசணிக்கும் ஏறத்தாழ அவ்வளவே. கீரை மூன்று, நான்கு வாரத்தில் கைக்கு வரும். பசியோ ஒரு நாளும் பொறுக்காது! அரிசி நின்ற பின் நட்டவர்கள், கிழங்கு விளையும் வரை எதைத் தின்பது? அந்த இடைக்காலத்தைக் கடத்த முருங்கைக் கீரை, சேம்பு, பலாக்கொட்டை, வாழைத்தண்டு, ஆற்றோரத்துக் காங்கோங் கீரை, மலாய்க்காரர்கள் பூச்சோக் பாக்கு என்று சொல்லும் பெரணிக் கொழுந்து ஆகியவை கைகொடுத்தன. எது உணவு, எது களை என்று இனம் கண்டவர்களுக்கே அவை பயன்பட்டன.

நிலம் மட்டும் கிடைத்தால் போதாது என்பதற்குப் பகாவ் சான்று. சிங்கப்பூரில் உணவு போதாமல், 1943-இன் இறுதியிலிருந்து யூரேசியரும் சீனக் கத்தோலிக்கரும் நெகிரி செம்பிலானில் உள்ள அந்த இடத்தில் குடியேற்றப்பட்டார்கள். காட்டை வெட்டிப் பயிர் செய்ய வேண்டிய நிலை. நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மண்வெட்டி பழக்கமில்லை; மண்ணும் ஒத்துழைக்கவில்லை; மலேரியாவுக்கு மருந்தும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள்.

நம் தோட்டங்களில் வேறொரு கொடுமை நேர்ந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை போட ஜப்பானியர் ஆள் பிடித்தார்கள். மலாயாவிலிருந்து 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. உழைக்கும் கை போன வீடுகளில் மண்ணைக் கொத்தியவர்கள் யார்? தாய்மார்களும் சிறு பிள்ளைகளும்தாம். போர்க்கால வரலாற்றில் படைத்தலைவர்களின் பெயர்கள் இருக்கின்றன. லயத்துக்குப் பின்னால் கிழங்குக் குச்சி ஊன்றிய அந்தப் பெண்களின் பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. நம்மில் பலர் இன்று இருப்பது அவர்களால்தான்.

மூன்றாம் கேள்வி: கிழங்கு தின்றும் ஏன் நோய்? மரவள்ளியில் மாவுச்சத்து மிகுதி. உடலை வளர்க்கும் புரதச்சத்து மிகக் குறைவு. பி1 வைட்டமினும் குறைவு. கிழங்கை மட்டுமே நம்பியவர்களுக்குக் கால் வீங்கியது, உடல் சோர்ந்தது, புண் ஆறவில்லை. பெரிபெரி என்னும் நோயும் கண்டது.

இந்தப் பெரிபெரி நோயைப் பற்றிய உண்மை துலங்கியதில் மலாயாவுக்கும் பங்கு உண்டு என்பது நேயர்கள் அறிய வேண்டிய செய்தி. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய டாக்டர் பிராடன், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரிடம் இந்நோய் மிகுதி என்றும், புழுங்கல் அரிசி உண்ட தமிழரிடம் அரிது என்றும் கண்டார். 1905-இல் டாக்டர் பிளெட்சர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் இதைச் சோதித்தார். ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மறு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். பச்சரிசிப் பிரிவில் பலருக்கு நோய் கண்டது. புழுங்கல் பிரிவில் புதிதாக யாருக்கும் தோன்றவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். நம் முன்னோர் பழக்கமாகச் செய்தது உயிர் காக்கும் மருந்தாக இருந்தது! போர்க்காலத்தில் அந்த அரிசி போனபோது அந்தக் காப்பும் போயிற்று.

கிழங்கோடு கீரையும், பயறும், கருவாடும் சேர்த்துக்கொள்ள முடிந்த வீடுகள் ஓரளவு தேறின. மரவள்ளியின் இளங்கொழுந்தில் கிழங்கைவிடப் புரதம் அதிகம். கிழங்கிலும் கொழுந்திலும் நஞ்சு உண்டு. கசக்கும் வகையில் அது கூடுதல். ஆகவே தோலை உரித்து, துண்டாக்கி, நீரில் ஊறவைத்து, திறந்த பானையில் நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். கொழுந்தையும் அப்படியே வேகவைத்து நீரை இறுக்க வேண்டும். ரப்பர் கொட்டையிலும் அதே நஞ்சு இருக்கிறது. காட்டில் கிடைக்கும் காடோங் கிழங்கு இன்னும் கொடியது. அதன் பக்குவம் அறியாதவர் தொடவே கூடாது. பசி என்பதற்காகக் கண்டதை வாயில் போடுவது ஆபத்து.

அன்பர்களே, இது பழங்கதை என்று எண்ணிவிடலாகாது. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வேலையும் வருமானமும் நின்ற வீடுகள் எத்தனை! 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்து, மக்கள் உணவின்றி மாடிகளில் காத்திருந்ததை நாடே பார்த்தது. பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நம்மில் பலர் லயத்தை விட்டு அடுக்குமாடிக்குப் போய்விட்டோம். முருங்கை மரம் மட்டும் கூடவே வரவில்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில. வீட்டில் ஒரு வாரத்துக்கான அரிசி, பருப்பு, உப்பு, கருவாடு, குடிநீர், தீப்பெட்டி, அன்றாட மருந்து ஆகியவற்றை உயரமான இடத்தில் வையுங்கள். பழையதை எடுத்து உண்டு புதியதை வைத்து வந்தால் எதுவும் கெடாது. இடம் உள்ளவர்கள் ஒரு முருங்கையும் நான்கு மரவள்ளிக் குச்சியும் இன்றே ஊன்றுங்கள். இடமில்லாதவர்கள் ஒரு தொட்டியில் கீரை போடுங்கள். பிள்ளைகளுக்குப் பத்துக் கீரைகளையாவது இனம் காணக் கற்றுக்கொடுங்கள். பள்ளியில் நாமும் கற்றுக்கொடுப்போம். அந்தக் காலத்தைக் கண்ட பெரியவர் வீட்டில் இருந்தால், கிழங்கை எப்படிப் பக்குவம் செய்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அவரோடு அந்த அறிவும் போய்விடக் கூடாது.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். மரவள்ளி விளைய எட்டு மாதம் ஆகும் என்பதை மனத்தில் வைத்தால், அதை எப்போது நட வேண்டும் என்பது தானே விளங்கும்.